யாத்திரிகன் விட்டுச் சென்ற வீடு

ஜோன் பன்யனின் மோட்சப் பிரயாணத்தைத் திறந்தவுடன் நம் கண்முன் நிற்பது ஓடுகின்ற ஒரு மனிதனின் தோற்றம். முதுகிலே பெருஞ்சுமை, கையிலே ஒரு புத்தகம். தான் குடியிருக்கும் நகர் அழியப்போகின்றதென்று அறிந்துகொண்ட அவன் அதனை விட்டு நீங்குகின்றான். மனைவியும் மக்களும் வெளியே வந்து, திரும்பி வருமாறு கூவி அழைக்கின்றனர். அவனோ இரு செவிகளையும் விரல்களால் அடைத்துக்கொண்டு, நித்திய ஜீவனைப் பற்றியே அரற்றியவனாய், திரும்பியும் பாராது சமவெளியின் நடுவே ஓடுகின்றான்.

இப்பகுதியை மாணவர்க்குப் படிப்பிக்குந்தோறும் ஒரு கேள்வி தவறாமல் எழுகின்றது. அவன் தன் ஆன்மாவைக் காத்துக்கொள்ள ஓடினான். பின்னே நின்று அழுதவர்களின் கதி யாது? இரட்சிப்பு என்பது பெற்ற பிள்ளைகளையும் மறந்து தனியொருவன் ஓடிப் பெறும் பேறுதானா? கேள்வி நியாயமானதே. இதற்கு உரைகாரர் கூறும் சமாதானங்கள் பல உள. அவற்றைக் காட்டிலும் நூலாசிரியரின் வாழ்க்கை வரலாறு நல்ல விடையைத் தருகின்றதென்பது என் எண்ணம். அக்காட்சியை எழுதியவருக்கு அது கற்பனை மாத்திரமன்று.

பன்யன் இங்கிலாந்தின் பெட்போர்டு நகருக்கு அணித்தான எல்ஸ்டோ என்னும் சிற்றூரிற் பிறந்தவர். 1628ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 30ஆம் நாள் அவ்வூர்க் கோயிலிலே அவருக்கு ஞானஸ்நானம் வழங்கப்பட்டது. தந்தை தோமஸ் வீடு வீடாகச் சென்று பாத்திரங்களின் ஓட்டை அடைத்துக் கொடுக்கும் தொழிலாளி. மகனும் அத்தொழிலையே பயின்றார். எழுதவும் வாசிக்கவும் சிறிது காலம் பள்ளிக்கூடத்திற் கற்றதல்லாது உயர்ந்த கல்வி எதுவும் அவருக்கு வாய்க்கவில்லை. பிற்காலத்தில் ஆங்கில உரைநடைக்கே அணியாக விளங்கிய நடை, சந்தையிலும் தெருவிலும் கேட்ட பேச்சிலிருந்தும், 1611ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கில வேதாகமத்திலிருந்தும் ஊறி வந்ததேயாகும். கடுஞ்சொற்களை அடுக்கினாலன்றிச் சமய விஷயம் பேச இயலாதென்று கருதும் நம்மவர் சிலர் இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக.

1644ஆம் ஆண்டு அவருடைய வாழ்வில் இடிமேல் இடியாக வந்தது. ஜூன் மாதத்தில் தாய் இறந்தார். அடுத்த மாதமே தங்கை இறந்தாள். அதற்கடுத்த மாதம் தந்தை மறுமணம் செய்துகொண்டார். அவ்வாண்டின் பிற்பகுதியிற் பதினாறு வயதே நிரம்பிய பன்யன் பாராளுமன்றப் படையிற் சேர்ந்து நியூபோர்ட் பக்னெல் என்னும் காவலரணிற் பணி புரிந்தார். அரசனுக்கும் பாராளுமன்றத்துக்கும் போர் நிகழ்ந்த காலம் அது. ஒருமுறை முற்றுகை ஒன்றுக்குச் செல்லவேண்டிய தருணத்தில் வேறொரு வீரன் அவருக்குப் பதிலாகத் தான் செல்வதாகக் கேட்டுச் சென்றான். அங்கே காவல் நின்றபோது தலையிற் குண்டு பாய்ந்து இறந்தான். தனக்குப் பதிலாக இன்னொருவன் இறந்தான் என்னும் நினைவு பன்யனின் உள்ளத்திலே நெடுங்காலம் தங்கியது. கிறிஸ்தவ போதனையின் நடுநாடியாயுள்ள ஒரு கருத்தை அவர் நூலிற் கற்குமுன் வாழ்விலே கண்டுகொண்டார் எனலாம்.

படையிலிருந்து மீண்டபின், 1649ஆம் ஆண்டளவில் மணம் புரிந்தார். அம்மனைவியின் பெயர் எப்பதிவிலும் இல்லை. இருவரிடத்தும் ஒரு தட்டோ கரண்டியோ இல்லாத வறுமை. அப்பெண் கொண்டுவந்த சீதனம் இரண்டு புத்தகங்கள். அவளுடைய தகப்பன் இறக்கும்போது விட்டுச் சென்றவை. ஆதர் டென்ற் எழுதிய பரலோக வழிபற்றிய நூல் ஒன்று. லூயிஸ் பெய்லி எழுதிய பக்தி நெறிபற்றிய நூல் மற்றொன்று. ஆன்ம விசாரத்தின் முதல் வித்து இவ்விரு நூல்களாலுமே பன்யனின் நெஞ்சில் விழுந்தது. 1650ஆம் ஆண்டு மூத்த மகள் மேரி பிறந்தாள். குழந்தைக்குப் பார்வையில்லை.

அக்காலத்துப் பன்யன் கெட்டவர் அல்லர். குடியும் காமமும் அவரைத் தீண்டியதாகச் சான்று இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எல்ஸ்டோப் புற்றரையிற் கிட்டிப்புள் போன்றதோர் ஆட்டம் ஆடுவார். கோயில் மணி அடிப்பதில் மகிழ்வார். வாய்க்கு வந்தபடி சத்தியம் செய்வார். அவ்வளவே. பின்னர் அவற்றை ஒவ்வொன்றாகக் கைவிட்டு ஊரார் மெச்சும் ஒழுக்கசீலராகவும் ஆனார். தாம் திருந்திவிட்டதாகவே எண்ணியிருந்தார்.

அந்த எண்ணத்தைக் கலைத்தவர்கள் சில ஏழைப் பெண்கள். பெட்போர்டுத் தெரு ஒன்றில், தொழிலின் பொருட்டுச் சென்ற பன்யன், வாசற்படியில் வெயிலில் அமர்ந்து மூன்று நான்கு பெண்கள் உரையாடுவதைக் கண்டார். சமயப் பேச்சில் வல்லவரென்று தம்மை எண்ணியிருந்தமையால் அருகே சென்று செவிகொடுத்தார். அவர்கள் பேசியதோ அவருக்கு விளங்கவில்லை. புதிய பிறப்பைப் பற்றியும், தங்கள் இருதயத்தின் இழிவைப் பற்றியும், கடவுளின் அன்பு தங்களை வந்து சந்தித்ததைப் பற்றியும் அவர்கள் பேசினர். அப்பேச்சிலிருந்த ஆனந்தமே பன்யனைத் திகைக்க வைத்தது. தாம் கட்டி எழுப்பிய ஒழுக்கத்தில் அத்தகைய மகிழ்ச்சி துளியும் இல்லை என்பதை அன்றே உணர்ந்தார்.

அப்பெண்கள் ஜோன் கிபோர்டு என்பவரின் சபையைச் சேர்ந்தவர்கள். கிபோர்டின் கதையே ஒரு தனிக் காவியம். அரசனுடைய படையில் மேஜராக இருந்து, 1648ஆம் ஆண்டு மெய்ட்ஸ்டன் போரிற் பிடிபட்டு, மரணதண்டனை விதிக்கப்பட்டு, உடன்பிறந்தாளின் உதவியாற் சிறையிலிருந்து தப்பியவர் அவர். பெட்போர்டிலே வைத்தியம் செய்துகொண்டு, குடியிலும் சூதிலும் மூழ்கிக் கிடந்தவர் மனந்திரும்பி, 1650ஆம் ஆண்டு பன்னிருவரைக் கொண்டு ஒரு சிறு சபையை நிறுவினார். மோட்சப் பிரயாணத்தில் வழிகாட்டியாய் வரும் சுவிசேஷகன் கிபோர்டின் சாயலில் அமைந்தவன் என்பர். எனக்கு அதிற் கருத்து வேறுபாடில்லை.

சபையாரின் உறவு கிடைத்தபின்னரும் பன்யனுக்கு அமைதி உடனே வரவில்லை. கிறிஸ்துவை விற்றுவிடு என்று உள்ளே ஓயாமல் ஒரு குரல் கேட்கலாயிற்று. உண்ணும்போதும் உழைக்கும்போதும் படுக்கையிலும் அது துரத்தியது. மாட்டேன், மாட்டேன் என்று மறுத்துக் களைத்த ஒருநாள் காலை, அவர் போனாற் போகட்டும் என்று மனம் தளர்ந்துவிட்டது. பிறகு நேர்ந்தது நரக வேதனை. ஒரு வேளை உணவுக்காகத் தன் சேஷ்டபுத்திர பாகத்தை விற்ற ஏசாவைப் பற்றி எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபம் கூறும் பகுதி அவர்மீது பாறை போல் விழுந்து கிடந்தது. கண்ணீர் விட்டும் ஏசாவுக்கு மீளும் வழி கிடைக்கவில்லையே! தாமும் அவ்வாறே தள்ளுண்டவர் என்று துணிந்தார். இவ்வேதனை ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகள் நீடித்தது.

இத்தகைய துன்பம் நம் காலத்தவருக்கு விபரீதமாகத் தோன்றலாம். மனநோய் என்று ஒரு சொல்லால் முடித்துவிடுவாரும் உளர். அச்சொல் எதையும் விளக்கியதாக நான் கருதவில்லை. பன்யனுக்கு முதலில் ஆறுதல் தந்தது, தொட்டாற் கிழிந்துவிடும் பழைய பிரதி ஒன்று. கலாத்தியருக்குப் பவுல் எழுதிய நிருபத்துக்கு மார்ட்டின் லூதர் செய்த விரிவுரை. தம் இருதயத்தைக் கண்டே எழுதியது போல அது இருந்ததாம். வேதாகமத்துக்கு அடுத்தபடியாக அந்நூலையே அவர் போற்றினார். நியாயப்பிரமாணத்தின் கிரியைகளால் எவனும் நீதிமான் ஆவதில்லை. விசுவாசத்தினாலேயே ஆகின்றான் என்பது பவுலின் போதனை. இதனை அறிவால் ஒப்புக்கொள்வது எளிது. பன்யனுக்கு அது ஒருநாள் வயல்வெளியில் நடந்து செல்லும்போது அனுபவமாயிற்று. தம்முடைய நீதி தம்மிடத்தில் இல்லை, அது பரலோகத்திலே கிறிஸ்துவாகவே இருக்கின்றது என்ற எண்ணம் மனத்தில் உதித்தது. தம் மனம் நல்ல நிலையில் இருந்தால் அது கூடுவதுமில்லை, தாழ்ந்த நிலையில் இருந்தாற் குறைவதுமில்லை. கால்களைப் பிணித்த விலங்கு அன்று கழன்றது. கதையிலே, சிலுவை நிற்கும் மேட்டை அடைந்ததும் யாத்திரிகனின் சுமை தானே அவிழ்ந்து உருண்டு கல்லறைக்குள் விழுந்து மறைவது இவ்வனுபவமேயாகும்.

கிபோர்டு 1655ஆம் ஆண்டு இறந்தார். ஞானஸ்நானம் முதலிய புறச்சடங்குகளை முன்னிட்டு ஒருவரையொருவர் பிரியாதிருக்குமாறு சபையாருக்குக் கடிதம் எழுதிவைத்துச் சென்றார். அடுத்த ஆண்டளவில் பன்யன் ஊரூராய்ப் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். பாத்திரம் அடைக்கும் கருவிகளை முதுகிலே சுமந்து செல்பவர் வேதத்தை எடுத்துரைப்பதைக் கேட்கப் பெருங்கூட்டம் கூடிற்று. 1658ஆம் ஆண்டு மனைவி, மேரி உட்பட நான்கு பிள்ளைகளை விட்டு இறந்தார். மறுவருடம் எலிசபெத்து என்னும் இளம் பெண்ணை அவர் மணந்தார். இவ்வம்மையாரே இவ்வரலாற்றின் இரண்டாம் தலைவர் என்பது என் துணிபு.

1660ஆம் ஆண்டு இரண்டாம் சாள்ஸ் மன்னன் நாடு திரும்பினான். அரச சபையும் ஆயர் ஆட்சியும் மீண்டும் தலையெடுத்தன. அரச திருச்சபையின் வழிபாட்டுக்குப் புறம்பாகக் கூடித் தொழுவோரைத் தண்டிக்க எலிசபெத்து மகாராணி காலத்தில், 1593ஆம் ஆண்டில், இயற்றப்பட்ட சட்டம் ஒன்று இருந்தது. மூன்று மாதச் சிறை. அதன்பின்னும் இணங்காவிடின் நாடு கடத்தல். அனுமதியின்றித் திரும்பி வந்தால் தூக்கு. நவம்பர் 12ஆம் நாள் லோவர் சாம்செல் என்னும் சிற்றூரில் ஒரு பண்ணை வீட்டிற் பிரசங்கம் செய்யப் பன்யன் சென்றபோது, பிடியாணை பிறந்திருப்பதாக வீட்டுக்காரர் தெரிவித்தார். கூட்டத்தை நடத்தாமலே திரும்பியிருக்கலாம். பன்யன் வெளியே சென்று சிறிது நேரம் உலாவிச் சிந்தித்தார். சுற்றுப்புறத்திலே அண்மையில் விசுவாசத்துக்கு வந்த எளிய மனிதர் பலர் இருந்தனர். திடமாகப் பேசியவனே ஓடிவிட்டான் என்றால் அவர்கள் நிலை என்னாகும் என்று எண்ணினார். உள்ளே வந்து கூட்டத்தைத் தொடங்கினார். காவலர் வந்து பிடித்துச் சென்றனர்.

இவ்விடத்தை நான் மீண்டும் மீண்டும் படித்திருக்கின்றேன். பன்யன் அன்று நின்றது தம் ஆன்மாவைக் காப்பதற்காக அன்று. அவருடைய கொள்கைப்படி அது காக்கப்பட்டுவிட்டதொன்று. பிரசங்கத்தை விட்டு வீடு திரும்பினாலும் அவருடைய நீதி பரலோகத்திற் குறைவுபடாது இருந்திருக்கும். அவர் நின்றது சபையாரின் பொருட்டு. அதற்கு விலை கொடுத்தவர்களோ அவருடைய வீட்டார்.

கணவர் சிறைப்பட்ட செய்தி எட்டியபோது எலிசபெத்து அம்மையார் கருவுற்றிருந்தார். அதிர்ச்சியினாற் காலத்துக்கு முன்னரே நோவு கண்டது. எட்டு நாள் வேதனைப்பட்டுப் பெற்ற குழந்தை இறந்தது. 1661ஆம் ஆண்டு ஜனவரியில் நடந்த விசாரணையில் ஜோன் கீலிங் முதலியோர் பன்யனுக்குச் சிறைத்தண்டனை விதித்தனர். பிரசங்கம் செய்வதில்லை என்று ஒரு வாக்குறுதி அளித்திருந்தால் அன்றே வீடு சென்றிருப்பார். அன்றன்று, அதன்பின் வந்த பன்னிரண்டு ஆண்டுகளில் எந்த நாளிலும் சென்றிருக்கலாம். சிறையின் திறவுகோல் அவர் நாவிலேயே இருந்தது. பிறருடைய சிறைவாசங்களிலிருந்து அவருடையதை வேறுபடுத்துவதும், அதனை மிகக் கடியதாக ஆக்கியதும் இதுவே.

எலிசபெத்து அம்மையார் இலண்டன் சென்று பிரபு ஒருவரிடம் மனுக் கொடுத்துப் பார்த்தார். ஓகஸ்ட் மாதத்தில் நீதிபதிகள் பெட்போர்டுக்கு வந்தபோது மும்முறை முயன்றார். ஒரு மனுவை நீதிபதி ஹேலின் கையிற் கொடுத்தார். மறுநாள் நீதிபதி துவிஸ்டனின் வண்டிக்குள்ளே மற்றொன்றை எறிந்தார். முடிவில், அன்னப்பறவையின் பெயர் கொண்ட சத்திரத்து மண்டபத்தில், நீதிபதிகளும் அவ்வூர்ப் பெரியோரும் நிறைந்திருந்த அவைக்கு நடுங்கியவாறே சென்று நின்றார். வீட்டில் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள இயலாத நான்கு பிள்ளைகள் உளர். அவர்களில் ஒருத்தி குருடி. நல்லோர் இடும் தருமத்தைத் தவிர உண்பதற்கு வழியில்லை என்று முறையிட்டார். இத்துணை இளம் பெண்ணுக்கு நான்கு பிள்ளைகளா என்று மத்தேயு ஹேல் வியந்தார். தாம் மாற்றாந்தாயென்றும், மணமாகி இரண்டாண்டும் நிறையவில்லையென்றும் அம்மையார் விடையிறுத்தார். ஹேல் இரக்கமுடையவர், ஆயினும், அரசரிடம் மன்னிப்புக் கேட்கலாம், தீர்ப்பிற் பிழையுண்டெனக் காட்டும் ஆணை பெறலாம் என்று வழி சொல்வதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. துவிஸ்டன் சீறி விழுந்தார். கணவர் பிரசங்கத்தை விட்டுவிடுவாரா என்ற கேள்விக்கு, பேச இயலும்வரை விடமாட்டார் என்று அம்மையார் மறைக்காமற் கூறிவிட்டார். வெளியே வரும்போது அழுதார். அவர்களுடைய கல்நெஞ்சை நினைத்து அழவில்லையாம். ஆண்டவர் வரும் நாளில் இவர்கள் என்ன கணக்கு ஒப்புவிப்பார்களோ என்று இரங்கி அழுதாராம்.

நான்கு பிள்ளைகளுள் ஒன்றேனும் அவர் வயிற்றிற் பிறந்ததன்று என்பதை நினைவிற் கொள்க. அவர் சொன்ன அந்தத் தருமம் இட்ட நல்லோர் எவரென்று அவையில் யாரும் வினவவில்லை. 

பெட்போர்டு மாவட்டச் சிறையிற் பன்யன் நுனியில் உலோகம் பதித்த நீண்ட நாடாக்களை ஆயிரக்கணக்கில் முடைந்து விற்பனைக்கு அனுப்பிக் குடும்பத்துக்கு உதவினார். தொடக்கத்திற் சிறையதிகாரி சற்றே தாராளமாக இருந்தமையால் வெளியே சென்று சபைக் கூட்டங்களிற் கலந்துகொள்ளவும் முடிந்தது. அது மேலதிகாரிகளுக்குத் தெரிந்ததும் வாயில் அடைபட்டது. 1666ஆம் ஆண்டு, தம் ஆன்மிக வரலாற்றைப் பெருகிய கிருபை என்னும் கருத்தமைந்த தலைப்பில் நூலாக வெளியிட்டார். தம் பிரசங்கத்தால் விசுவாசத்துக்கு வந்தோரைப் பிள்ளைகளாகப் பாவித்து அவர்களுக்கே அதனை உரித்தாக்கினார்.

அந்நூலில் அவர் வீரம் பேசவில்லை என்பதே என்னைக் கவர்வது. தூக்குமேடை வரக்கூடுமென்று அஞ்சிய நாட்களில், ஏணியில் ஏறும்போது கால்கள் நடுங்கி முகம் வெளுத்தால் எதிரிகள் நகைப்பார்களே என்று கவலைப்பட்டதைச் சொல்கின்றார். மனைவி மக்களைப் பிரிவது எலும்பிலிருந்து தசையைப் பிய்த்தெடுப்பது போல் இருந்ததென்கின்றார். எல்லாரிலும் குருட்டு மகளே அவர் நெஞ்சுக்கு மிக அண்மையில் இருந்தாள். காற்று அவள்மேற் படுவதையும் தாங்காத தாம், அவள் அடியும் பசியும் குளிரும் படுவதற்கு விட்டிருக்கிறோமே என்று கலங்குகின்றார். தம் வீட்டைத் தாமே மனைவி மக்கள் தலைமேல் இடித்துத் தள்ளுபவன் போலத் தம்மைக் காண்கின்றார். அப்போது அவர் நினைவுக்கு வருவன சாமுவேலின் முதற் புத்தகத்தில் வரும் இரண்டு கறவைப் பசுக்கள். பெலிஸ்தர் கைப்பற்றிய உடன்படிக்கைப் பெட்டியை வண்டியில் ஏற்றி இஸ்ரவேலருக்குத் திருப்பி அனுப்பியபோது, கன்றுகளை வீட்டில் அடைத்துவிட்டு அப்பசுக்களை நுகத்திற் பூட்டினர். கன்றை நினைந்து கதறிக்கொண்டே அவை நேர்வழியில் நடந்தன. வலமும் இடமும் விலகவில்லை.

செவிகளை அடைத்துக்கொண்டு ஓடிய யாத்திரிகனையும் கதறிக்கொண்டே நடந்த இப்பசுக்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் முதற்காட்சியின் பொருளே மாறிவிடுகின்றது. கேளாதவன் செவியை அடைக்க வேண்டியதில்லை. அக்குரல்கள் எவ்வளவு தூரம் கேட்கும் என்பதைப் பன்னிரண்டு ஆண்டு இரவும் பகலும் அறிந்தவர் எழுதிய வரி அது. அவர் செய்தது சரியென்று இதனால் நிலைநாட்டப்படுகின்றதா? இல்லை. நாடாப் பின்னும் கைகளால் மேரிக்கு ஒரு தந்தையின் துணையைக் கொடுத்துவிட முடியாது. தந்தைக்கு முன்னரே அவள் மறைந்தாள். பன்யனும் தம்மை நியாயப்படுத்த முயலவில்லை.

1672ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் பெட்போர்டுச் சபையார் தங்கள் போதகராகப் பன்யனைத் தெரிந்துகொண்டனர். அப்போதும் அவர் கைதியே. மார்ச் மாதத்தில் அரசன் சமயச் சலுகைப் பிரகடனம் வெளியிட்டதனால் விடுதலைக்கு வழி பிறந்தது. ஒரு பழத்தோட்டத்திலிருந்த களஞ்சியக் கொட்டகையை 50 பவுணுக்கு வாங்கி அதனையே வழிபாட்டு மனையாக்கினர். அன்று முதல் அவர் நடத்தியது நம் ஊர்ப் போதகர் எவரும் அறிந்த வாழ்க்கை. குடித்து விழுந்தவனைக் கண்டித்தல், கடன் கொடாமல் ஏமாற்றியவனை விசாரித்தல், மனந்திரும்பியவனை மீண்டும் சேர்த்துக்கொள்ளல், ஊரூராய்ச் சென்று சிறு சபைகளைத் தாங்குதல் என்பன அச்சபையின் குறிப்பேட்டை நிரப்புகின்றன. இரட்சிப்பைப் பற்றிய பேருண்மைகள் இத்தகைய அன்றாடக் காரியங்களிலேதான் நிறுக்கப்படுகின்றன.

ஒரு விஷயத்தில் அவர் உறுதியாக நின்றார். வளர்ந்தபின் முழுக்கு ஞானஸ்நானம் பெறாதாரைத் திருவிருந்திற் சேர்க்கலாகாது என்று இலண்டனிலுள்ள பாப்திஸ்து போதகர் வற்புறுத்தினர். பன்யனோ, கிபோர்டின் கடைசிக் கடிதத்தை மறவாதவராய், நீரைப் பற்றிய கருத்து வேறுபாடு சகோதரரைப் பிரிக்கும் சுவராகக் கூடாதென்று 1673ஆம் ஆண்டு நூலெழுதினார். அதனால் வசையும் கேட்டார். மறுவருடம் அக்னஸ் போமொண்ட் என்னும் பெண்ணை ஒரு கூட்டத்துக்குத் தம் குதிரையின் பின்னே ஏற்றிச் சென்றார். அப்பெண்ணை அவள் தகப்பன் வீட்டுக்கு வெளியே நிறுத்திக் கதவை அடைத்தான். பின்னர் இருவரும் இணங்கினர். ஆயினும் இரண்டொரு நாளில் அவன் திடீரென இறக்க, மகளே நஞ்சூட்டினாள், போதகரும் உடந்தை என்று ஊர் பேசிற்று. மரண விசாரணையில் அவள் குற்றமற்றவளெனத் தீர்ந்தது. சபை வாழ்வின் துன்பம் அரசனிடமிருந்து மாத்திரம் வருவதன்று.

சலுகைப் பிரகடனம் விரைவிலேயே மீளப்பெறப்பட்டது. 1676 முடிவிலிருந்து 1677 நடுப்பகுதிவரை மறுபடியும் ஆறு மாதம் போலச் சிறையிருந்தார். ஜோன் ஓவன் என்னும் பேரறிஞரின் முயற்சியால் விடுதலை கிடைத்தது. 1678ஆம் ஆண்டு, ஓவனின் நூல்களைப் பதிப்பித்துவந்த நதானியேல் பொன்டர், மோட்சப் பிரயாணத்தை வெளியிட்டார். பன்யனின் வாழ்நாளிலேயே பதினொரு பதிப்புகள் வெளிவந்தன. அதன் உலகப் புகழை இங்கு விரிக்க வேண்டியதில்லை. தமிழிற் கிருஷ்ணபிள்ளை அதனைத் தழுவி, ஐந்து பருவங்கள் கொண்ட இரட்சணிய யாத்திரிகத்தை ஆக்கி 1894ஆம் ஆண்டு முழுமையாக வெளியிட்டார். கம்பனில் ஊறிய புலவர் ஒருவர் கன்னார் தொழில் செய்த ஒருவரின் கதையைக் காப்பியமாக்கியது நம் இலக்கிய வரலாற்றிலே பெருமைக்குரிய செய்தி. ஆனால் அவர் தழுவியது முதற் பாகத்தை. அதனாற்போலும், பன்யன் 1684ஆம் ஆண்டு எழுதிய இரண்டாம் பாகம் நம்மவரிடையே அதிகம் பயிலப்படவில்லை. மாணவர் கேட்கும் கேள்விக்கான விடை அதிலேதான் இருக்கின்றது.

அப்பாகத்திலே, விட்டுச் செல்லப்பட்ட மனைவி தன் நான்கு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அதே வழியிற் புறப்படுகின்றாள். நான்கு என்னும் எண்ணிக்கையைக் கவனிக்க. அயல்வீட்டு இளம்பெண் ஒருத்தி துணை வருகின்றாள். முதற் பாகத்தில் யாத்திரிகன் பெரும்பாலும் தனித்தும், சிலகால் ஒரேயொரு தோழனோடும் நடந்தான். இங்கே வழிகாட்ட வாளேந்திய வீரன் ஒருவன் முன்செல்கின்றான். பயணமும் விரைவானதன்று. பிள்ளைகள் களைத்தால் அமர்கின்றனர். மாளிகையிலும் சத்திரத்திலும் மாதக்கணக்கில் தங்குகின்றனர். வழியிலேயே பிள்ளைகள் வளர்ந்து மணமுடிக்கின்றனர். கூட்டத்தில் இடையிடையே வந்து சேர்பவர்கள் வீரர்கள் அல்லர். ஊன்றுகோல்களில் நொண்டி வருபவன் ஒருவன்; எதற்கும் மனந்தளரும் நோயாளி ஒருவன்; அதைரியமே உருவான தந்தையும், எப்போதும் அஞ்சும் அவன் மகளும். நிராசை என்னும் அரக்கனை வழிகாட்டி வீழ்த்தியபின், அந்த நொண்டி அஞ்சும் மகளின் கையைப் பற்றித் தெருவிலே நடனமாடுகின்றான். ஒரு கையில் ஊன்றுகோல் இருந்தபடியே. வாழ்நாளெல்லாம் பயந்து நடுங்கிய இன்னொருவன் ஆற்றைக் கடக்கும்போது, யாரும் கண்டிராத அளவுக்கு நீர் தாழ்ந்திருந்ததாம்.

இங்கே சபை உயிர் பெற்று நடக்கின்றது. வெயிலில் அமர்ந்து பேசிய ஏழைப் பெண்களும், பெயர் சொல்லப்படாமல் உணவளித்த நல்லோரும், பிறர் பிள்ளைகளுக்குத் தாயாகி அவையில் நின்ற எலிசபெத்தும் இப்பாகத்திலேதான் தங்கள் இடத்தைப் பெறுகின்றனர் என்று நான் வாசிக்கின்றேன். தாய் ஆற்றைக் கடந்த பின்னும் பிள்ளைகள் நால்வரும் சபை பெருகும்பொருட்டு இக்கரையிலேயே இருக்கின்றனர் என்று கதை நிற்கின்றது. கலைத்திறத்தில் முதற் பாகமே உயர்ந்தது, அதனை மறுப்பாரில்லை. ஆயினும் முதற் பாகத்தை மாத்திரம் படித்துப் பன்யனைத் தனிவழிப் பயணி என்று தீர்ப்பது அவருக்குச் செய்யும் அநீதியாகும்.

1688ஆம் ஆண்டு ஓகஸ்டில், ஒரு தந்தைக்கும் மகனுக்கும் இருந்த மனத்தாங்கலைத் தீர்ப்பதற்காகப் பன்யன் ரெடிங் நகருக்குக் குதிரையிற் சென்றார். சமாதானம் செய்துவைத்துவிட்டு இலண்டனுக்குத் திரும்பும் வழியிற் பெருமழையில் நனைந்தார். சுரம் கண்டு, ஸ்னோ ஹில் என்னுமிடத்தில் நண்பர் ஸ்ட்ரட்விக்கின் வீட்டில் அம்மாதம் 31ஆம் நாள் காலமானார். பன்ஹில் பீல்ட்ஸ் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். அரச திருச்சபைக்குப் புறம்பான புரட்டஸ்தாந்தர் கூடித் தொழச் சட்டம் இடங்கொடுத்தது மறுவருடமே.

மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1685ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள், அவர் ஒரு காரியம் செய்திருந்தார். மீண்டும் சிறை நேர்ந்து உடைமைகள் பறிமுதலாகலாம் என்று அஞ்சி, தம்மைப் பித்தளைத் தொழிலாளி என்றே குறிப்பிட்டு, உள்ளவை அனைத்தையும் மனைவி எலிசபெத்துக்கு நன்கொடையாக உறுதி எழுதினார். எழுதிய பத்திரத்தை எவர் கையிலும் அகப்படாதபடி வீட்டுப் புகைபோக்கியின் செங்கற்களுக்குப் பின்னே ஒளித்துவைத்தார். கணவர் இறந்தபின் அம்மையாருக்கு அது அகப்படவில்லை. உறுதியில்லாதவராகவே நீதிமன்றத்துக்குச் சென்று, 42 பவுண் 19 சிலிங் பெறுமதியான அச்சொத்துக்கு அதிகாரம் பெற்றார். பத்திரம் வெளிப்பட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில், அப்பழைய வீட்டை இடித்தபோது.